சீசருக்கு ஓர் ஆறுதல் ஜெபம்

குன்னூர்ப் பக்கம் குடிவந்து ஒன்பது வருடமாகிறது. இதுவரை நான் ஒரு சிறுத்தையைக்கூட நேரில் பார்த்ததில்லை. இதை இங்கே எழுதத்தான் முடியும். எங்கள் எஸ்டேட் டீக்கடையில் வாய்விட்டுச் சொல்ல முடியாது. சொன்னால் பெஞ்சில் இருக்கிற நாலு பேரும் டம்ளரைக் கீழே வைத்துவிட்டுச் சிரிப்பார்கள். ஏனென்றால், சிறுத்தையைக் குடையாலேயே விரட்டியவன் என்று ஐந்து நாள் பேர் வாங்கிக்கொண்டு திரிந்த ஆள் நான். அந்த ஐந்து நாளையும் அதற்குக் காரணமான நாயையும் நினைத்தால் இன்றைக்கும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. (நாயின் மேல் கொஞ்சம், என் மேல் நிறைய.)

மலையில் இருப்பவர்களுக்கு ஒரு வசதி உண்டு. கோழி காணாமல் போனால் சிறுத்தை. ஆட்டுக்குட்டி காணாமல் போனால் சிறுத்தை. நாய் காணாமல் போனால் கேட்கவே வேண்டாம். யாரும் குறுக்கு விசாரணை செய்ய மாட்டார்கள். "அப்படிங்களா, எந்தப் பக்கமா போச்சு?" என்று மட்டும் கேட்டுவிட்டு, தங்கள் வீட்டு நாயைச் சீக்கிரமே உள்ளே கட்டப் போய்விடுவார்கள். சிறுத்தையும் வந்து மறுத்துப் பேசாது. ஈரோட்டில் இந்த வசதி கிடையாது. அங்கே நாய் தொலைந்தால் தொலைத்தவன்தான் பதில் சொல்ல வேண்டும். நான் ஈரோட்டுக்காரன். மலைக்கு வந்த நாலாவது மாதமே இந்த வசதியைப் பயன்படுத்தப் பார்த்தேன்.

அப்போது எனக்கும் ஷீலாவுக்கும் கல்யாணமான புதிது. எஸ்டேட்டை ஒட்டிய பள்ளிக்கூடத்தில் எனக்குக் கணக்கு வாத்தியார் வேலை. தனி வீடு கிடைக்கிறவரை மாமனார் வீட்டில் இருந்துகொள்ளலாம் என்று ஏற்பாடு. (இன்னும் தேடிக்கொண்டுதான் இருக்கிறோம்.) மாமா தேயிலை ஃபாக்டரியில் டீ மேக்கராக இருந்து ஓய்வு பெற்றவர். கொழுந்து உள்ளே வந்து தூளாக மூட்டைக்குள் போகிறவரை எல்லாம் அவர் பொறுப்பில் நடந்திருக்கிறது. ஒரு வாய் உறிஞ்சினால் அது எந்தச் சரிவில் பறித்த கொழுந்து என்று சொல்லிவிடுவார். மனிதர்களைப் பற்றி அப்படிச் சொல்கிற வேலையை மட்டும் நாயிடம் விட்டிருந்தார்.

நாயின் பெயர் சீசர். அப்பா அசல் லாப்ரடார் என்று மாமா சொல்வார். அம்மா யார் என்ற பேச்சை அந்த வீட்டில் எடுக்க மாட்டார்கள். உடம்பு லாப்ரடார், கால்கள் மட்டும் அவசரத்துக்கு வேறு எங்கோ வாங்கிப் பொருத்தியதுபோல இருக்கும். காலையில் அரை டம்ளர் டீ குடிக்கும். சூடு ஆறியிருக்க வேண்டும், நல்ல இலைத் தூளாக இருக்க வேண்டும். டஸ்ட் டீ வைத்தால் முகர்ந்து பார்த்துவிட்டு, வைத்தவரை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போய்விடும். அந்த வீட்டில் டஸ்ட் டீ குடித்த ஒரே ஜீவன் நான்தான்.

எங்களிடம் மறந்தும் ஓர் இங்கிலீஷ் வார்த்தை பேசாத மாமா, சீசரிடம் இங்கிலீஷில் மட்டும்தான் பேசுவார். "சீசர், சிட்" என்பார், அது நிற்கும். "சீசர், கம்" என்பார், அது போகும். கேட்டால், "அவனுக்கு எல்லாம் புரியுதுங்க மாப்ள, இப்ப மூடு இல்ல" என்பார்.

நாங்கள் பெண் பார்க்கப் போன அன்று சீசர் என்னைப் பார்த்துக் குரைக்கவில்லை, கடிக்கவில்லை. நேராக வந்து என் காலை முகர்ந்தது. பிறகு திரும்பி, எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டது. பஜ்ஜி தீர்கிறவரை அப்படியே உட்கார்ந்திருந்தது. மாமா முகம் மாறிப்போய், சம்மதம் சொல்ல ஒரு வாரம் எடுத்துக்கொண்டார். அத்தை பிடிவாதமாக நிற்காவிட்டால் இந்தக் கல்யாணமே ஒரு நாயின் முதுகால் நின்றுபோயிருக்கும்.

இப்படிப்பட்ட நாயைத்தான் மாமா என்னிடம் ஒப்படைத்தார். அத்தைக்கு முழங்கால் ஆபரேஷன். துணைக்கு மாமாவும் ஷீலாவும் கோயம்புத்தூர் போகிறார்கள். பரீட்சை நேரம், எனக்கு லீவு இல்லை. கிளம்புகிற அன்று மாமா ஒரு முழுத்தாளில் பதினாலு குறிப்பு எழுதிக் கொடுத்தார். (அத்தையின் மருந்துச் சீட்டு அதில் பாதிகூட இல்லை.) ஒன்பதாவது குறிப்பின் அடியில் மட்டும் இரண்டு கோடு: "எக்காரணம் கொண்டும் வெளியில் சங்கிலியைக் கழற்றக் கூடாது." பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"என் உசுர உங்க கையில குடுத்துட்டுப் போறனுங்க மாப்ள" என்றார்.

அத்தை அப்போது காரில் உட்கார்ந்திருந்தார். எனக்குக் கேட்டது அவருக்கும் கேட்டிருக்கும். ஆனாலும் எனக்குப் பெருமையாக இருந்தது. நாலு மாதத்தில் மாமா என்னை நம்பி ஒப்படைத்த முதல் பொருள் அது. இதைச் சரியாகச் செய்துவிட்டால் அந்த வீட்டில் நானும் ஒரு மனுஷன் என்று நினைத்துக்கொண்டேன்.

மனுஷனாக இருந்தது இரண்டே நாள். திங்கட்கிழமை காலை சரியான மேகம், கூடவே தூறல். சீசரை வெளியே கூட்டிப்போனால் அது தேயிலைப் பாதையில் கால் மணி நேரமாக ஒரே இடத்தை முகர்ந்துகொண்டு நிற்கிறது. ஒரு கையில் குடை, ஒரு கையில் சங்கிலி. அடுப்பில் எனக்கு வைத்த டீ. எட்டரைக்கு ஸ்கூல். இழுத்தால் வராது, விட்டால் நகராது. சங்கிலி இருப்பதால்தான் கூச்சப்படுகிறது என்று என் கணக்கு வாத்தியார் மூளைக்குத் தோன்றியது. கொக்கி துருப்பிடித்திருந்ததால் கழுத்துப்பட்டையோடு சேர்த்தே கழற்றினேன். "சீக்கிரம் போயிட்டு வா" என்று சொல்லிவிட்டு உள்ளே போய் அடுப்பை அணைத்து, டீயை ஊற்றிக்கொண்டு வந்தேன். வந்து பார்த்தால் மேகம் இருக்கிறது, பாதை இருக்கிறது, நாய் இல்லை.

கூப்பிட்டேன். விசில் அடித்தேன். ஸ்கூலுக்குப் போய்விட்டு வந்து, இருட்டுகிறவரை தேயிலைக்குள் ஏறி இறங்கினேன். ஒருவரிடமும் கேட்கவில்லை. இதுதான் நான் செய்த பெரிய புத்திசாலித்தனம். எஸ்டேட்டில் ஒருவரிடம் கேட்டால் பத்தாவது நிமிடம் செய்தி கோயம்புத்தூர் ஆஸ்பத்திரி வார்டுக்குப் போய்விடும் என்று வாயை மூடிக்கொண்டு தேடினேன். யாரிடமாவது கேட்டுத் தொலைத்திருந்தால் கதை அன்றைக்கே முடிந்திருக்கும்.

மாமா போனில் சீசரை விசாரித்தபோது, டீ குடித்துவிட்டான், தூங்குகிறான் என்றேன். செவ்வாய்க்கிழமை காலை வீடியோ கால் போட்டுவிட்டார். போனைச் சீசர் பக்கம் திருப்பச் சொன்னார். குளியலறையில் இருக்கிறான் என்று சொல்ல முடியாது. நான் போனைச் சுவர்ப் பக்கமாகத் திருப்பினேன். சுவரில் ஒரு காலண்டர் இருந்தது. மாமா அந்தக் காலண்டரையே பார்த்துக்கொண்டு, "சீசர், மை சன்" என்றார். அதற்குமேல் எனக்குத் தாங்கவில்லை.

"மாமா, மன்னிச்சுக்குங்க. சிறுத்தை தூக்கிட்டுப் போயிருச்சுங்க" என்றேன்.

மாமா மெதுவாக, "நீங்க கண்ணால பாத்தீங்களா?" என்று கேட்டார்.

இந்த இடத்தில் இல்லை என்று சொல்லியிருக்கலாம். சொன்னால், போய்த் தேடுங்கள் என்பார். சங்கிலி என்ன ஆயிற்று என்பார். அதனால் பார்த்தேன் என்றேன். பார்த்தவன் சும்மாவா நின்றேன் என்று கேட்பாரே என்று, விரட்டினேன் என்றும் சொன்னேன். எதைக்கொண்டு விரட்டினேன் என்று ஷீலா போனைப் பிடுங்கிக் கேட்டபோது என் கண்ணெதிரே இருந்தது குடை ஒன்றுதான். குடை என்றேன். சங்கிலியை அறுத்துக்கொண்டு இழுத்துப் போனதாகவும், நான் வெள்ளி ஓக் மரம் வரை துரத்தியதாகவும், குடையை விரித்து மூடி விரித்து மூடிப் பயமுறுத்தியதாகவும் சொன்னேன். சொல்லச் சொல்ல எனக்கே மயிர்க்கூச்செறிந்தது. ஷீலா அழுதுகொண்டே, "உங்களுக்கு ஒண்ணும் ஆகலீங்களே" என்றாள். அந்த ஒரு வார்த்தைக்கு எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம்போல இருந்தது. ஆனால் பிடுங்கிக்கொள்ளவில்லை.

நான் சங்கிலியை ஒளித்துவைத்தேன். அன்று சாயங்காலமே மாமா பஸ் பிடித்து வந்து சேர்ந்துவிட்டார். முழங்காலில் தையலோடு படுத்திருந்த மனைவியை மகளிடம் விட்டுவிட்டு நாய்க்காக வந்த மனிதர். (அத்தை இதை இன்னும் மறக்கவில்லை. கால் வலிக்கிற நாளெல்லாம் ஞாபகப்படுத்துவார்.) வந்தவர் என்னைத் திட்டவில்லை. என் கையை, காலைத் தடவிப் பார்த்து, "உசுரக் குடுத்துப் போராடியிருக்கறீங்க. நாந்தான் உங்களச் சரியா எடைபோடல" என்றார். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

மறுநாள் காலையில் அவர் டீ போட்டார். இரண்டு டம்ளர் ஊற்றினார். பிறகு சீசரின் தட்டில் அரை டம்ளர் ஊற்றி ஆற்றினார். ஆற்றிக்கொண்டிருக்கும்போதே நினைவு வந்து, தட்டைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றார். நான் உண்மையைச் சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன். வாசலில் ஜீப் சத்தம் கேட்டது. மாமா தனக்குத் தெரிந்த வனத்துறை கார்டை வரச் சொல்லியிருந்தார்.

கார்டு நல்ல மனிதர், வேலை தெரிந்தவர். அதுதான் வம்பாகிவிட்டது. எந்த இடம் என்று கேட்டார். நான் பாட்டுக்கு ஒரு புதரைக் காட்டினேன். குனிந்து, உட்கார்ந்து, நகர்ந்து பார்த்தார். ரத்தம் இல்லை, தடம் இல்லை, ஒரு மயிர்கூட இல்லை என்றார். மழை என்றேன். என்னையும் குடையையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு, எதற்கும் இருக்கட்டும் என்று நான் காட்டிய இடத்துக்கு எதிர் மரத்தில் ஒரு தானியங்கி கேமராவைக் கட்டினார். முன்னால் எது நகர்ந்தாலும் அது தானாகவே மூன்று படம் எடுத்துக்கொள்ளும் என்று விளக்கினார். எனக்கு ஸ்கூலுக்கு நேரமாகிவிட்டது, கிளம்பிவிட்டேன். கிளம்பிய பிறகு என்ன நடந்தது என்பதைப் பிறகு சொல்கிறேன்.

அதற்குள் எஸ்டேட் முழுக்க நான் பெரிய ஆள். கொழுந்து எடுக்கிற பெண்கள் என்னைக் கண்டால் நின்று வழிவிட்டார்கள். டீக்கடைக்காரர் குடையைக் கையில் வாங்கிப் பார்த்தார். எல்லோரும் நாயைக் காலா காலத்தில் உள்ளே போட்டுப் பூட்டினார்கள். தேயிலை வழியாக ஸ்கூலுக்கு வருகிற குறுக்குப் பாதையை அடைத்துவிட்டதால், பிள்ளைகள் மெயின் ரோட்டைச் சுற்றி நடந்து, மூச்சிரைக்க வந்து சேர்ந்தார்கள். ஆறாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி என்னிடம், "நீங்க கூட வந்தா நாங்க குறுக்காலயே வந்துருவோம் சார். கொடை இருக்குதுல்ல" என்றாள். நான் கரும்பலகைப் பக்கம் திரும்பிக்கொண்டு ஒரு நீளமான வகுத்தல் கணக்கை எழுதினேன். எனக்கே என்னைப் பிடிக்கவில்லை.

இனி ஒரே வழி, சீசரை நானே கண்டுபிடித்துவிடுவது. சிறுத்தையிடமிருந்து தப்பி வந்துவிட்டான் என்று சொல்லிவிடலாம், எல்லோருக்கும் சந்தோஷம். வியாழன், வெள்ளி, சனி மூன்று நாளும் விடிந்ததும் கிளம்பினேன். வாக்கிங் போகிறேன் என்று மாமாவிடம் சொன்னேன். பயமில்லையா என்று கேட்டார், குடையைக் காட்டினேன். பாக்கெட்டில் ரஸ்க். கேமரா இருக்கிற மேல் பாதையை மிகவும் சாமர்த்தியமாகத் தவிர்த்துவிட்டு, தொழிலாளர்களின் லயன் வீடுகளுக்குப் போகிற கீழ்ப் பாதையில் இறங்கி, ரஸ்க்கை நீட்டிக்கொண்டு, "சீசர், கம், சீசர், கம்" என்று ரகசியக் குரலில் கூப்பிட்டுக்கொண்டே நடந்தேன். மூன்று நாளும் ஒரு வால்கூடக் கண்ணில் படவில்லை.

ஞாயிற்றுக்கிழமை கோயில் ஆராதனை முடிந்ததும் வீட்டில் ஆறுதல் ஜெபம் வைத்தார் மாமா. எங்கள் சர்ச் பாஸ்டரான சபை ஐயர் முதலில் தயங்கினாராம். நாய்க்கு ஜெபம் பண்ண முறை இல்லையே என்றாராம். நாய்க்கு வேண்டாம், எனக்குப் பண்ணுங்கள் என்று மாமா சொல்ல, அவரால் தட்ட முடியவில்லை. சபையில் ஏழெட்டுப் பேர், லயனிலிருந்து செல்லம்மாவும் இன்னும் சில பெண்களும் வந்திருந்தார்கள். செல்லம்மா எஸ்டேட் பிள்ளைக் காம்பராவில் ஆயா. (கிரெச் என்று நாம் சொல்வதை, இலங்கையிலிருந்து வந்த குடும்பங்கள் அப்படித்தான் சொல்வார்கள்.) மேசையில் சீசரின் போட்டோ; முன்னால் அதன் தட்டு. ஐயர், "இந்தக் குடும்பத்துக்கு நேர்ந்த இழப்பிலே" என்று ஆரம்பித்து, நாய் என்ற சொல் வராமலே பத்து நிமிடம் உருக்கமாக ஜெபித்தார். முடிக்கும்போது, "தன் உயிரைப் பொருட்படுத்தாமல் போராடிய இந்தச் சகோதரனுக்காகவும் ஸ்தோத்திரம்" என்றார். எல்லோரும் ஆமென் என்றார்கள். நானும் சொன்னேன்.

டீயும் பிளம் கேக்கும் சுற்றி வந்துகொண்டிருந்தபோது கார்டு வந்தார். கையில் லேப்டாப். ஞாயிற்றுக்கிழமைகூட ஓய்வெடுக்காத கடமை உணர்ச்சி. சீசரின் போட்டோவைக் கொஞ்சம் நகர்த்திவிட்டு அதே மேசையில் லேப்டாப்பை வைத்தார். சிறுத்தை எதுவும் விழவில்லை, ஆனால் கீழ்ப் பாதை கேமராவில் ஒரு சங்கதி இருக்கிறது என்றார்.

கீழ்ப் பாதை கேமராவா என்று கேட்டேன். அன்றைக்கு நான் ஸ்கூலுக்குப் போன பிறகு இன்னொன்றைக் கீழேயும் கட்டியதாக மாமாவே சொன்னார்.

முதலில் ஒரு முள்ளம்பன்றி வந்தது. பிறகு ஒரு காட்டெருமை, அசைபோட்டுக்கொண்டு. ஐயர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு கிட்டே வந்தார். அடுத்த படத்தில் மேகம் கொஞ்சம் விலகியிருந்தது. நடுப் பாதையில், குட்டைக் கால்களோடு, நன்றாகச் சாப்பிட்ட வயிற்றோடு, சீசர். அடியில் தேதியும் நேரமும் குளிரும் எழுதியிருந்தது. முந்தின நாள் காலை, ஆறு மணி பன்னிரண்டு நிமிடம், பதினோரு டிகிரி.

மாமா எழுந்து நின்றுவிட்டார். மறுபடி காட்டச் சொன்னார். கார்டு மறுபடி காட்டினார். மாமா திரையில் இருந்த நாயைத் தொட்டுப் பார்த்தார்.

"இதுக்கடுத்தது ஒண்ணு இருக்குதுங்க" என்றார் கார்டு, என் முகத்தைப் பார்க்காமல்.

அடுத்த படத்தில் நான். இடது தோளில் குடை. வலது கையில் ரஸ்க், முன்னால் நீட்டியபடி. 'கம்' என்று சொல்வதற்காகக் குவிந்த வாய். எனக்குப் பின்னால் பத்தடி தள்ளிச் சீசர் உட்கார்ந்திருக்கிறது. நான் என்னதான் செய்கிறேன் என்று ஒரு காதைத் தூக்கிப் பார்த்துக்கொண்டிருக்கிறது. மூன்றாவது படத்தில் நான் வளைவில் திரும்புகிறேன். சீசர் எழுந்து எதிர்ப் பக்கம் போகிறது. ஒரே ஒரு தடவை திரும்பிப் பார்த்திருந்தால் போதும். மூன்று நாளாக என் கழுத்து அந்தப் பக்கம் திரும்பவே இல்லை.

ஐயர் கண்ணாடியைக் கழற்றினார்.

"தம்பி, அப்ப நாம யாருக்குங்க ஜெபம் பண்ணினோம்?" என்றார்.

மாமா என் பக்கம் திரும்பினார். கோபமாகக் கேட்டிருந்தால் பரவாயில்லை. நிஜமாகவே புரியாமல் கேட்டார்.

"ஏனுங்க மாப்ள, செத்த நாய்க்கு எதுக்குங்க ரஸ்க்?"

சங்கிலியைக் கழற்றியது, டீ எடுக்கப் போனது, காலண்டர், குடை என்று எல்லாவற்றையும் அத்தனை பேர் முன்னால் சொன்னேன். அழக்கூடாது என்று இருந்தேன், முடியவில்லை. லயன் பெண்களில் யாரோ சிரிக்க ஆரம்பித்தார்கள். அப்போதுதான் செல்லம்மா கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து லேப்டாப்பை உற்றுப் பார்த்தார்.

"இது நம்ம மணியில்ல?" என்றார்.

திங்கட்கிழமை காலையில் ஒரு நாய் பிள்ளைக் காம்பராவுக்கு வந்ததாம். பிள்ளைகள் சிந்துகிற பாலும் பிஸ்கட்டும் அதற்குப் பிடித்துப்போனதாம். கழுத்துப்பட்டை இல்லை, கேட்பார் இல்லை, மணி என்று இவரே பேர் வைத்தாராம். சிறுத்தை இதையும் தூக்கிவிடக்கூடாதே என்று சாயங்காலமானால் தன் வீட்டுக்குள்ளேயே வைத்துப் பூட்டினாராம். சீசர் மாதிரியே இருக்கிறதே என்று தோன்றாமலில்லை. "ஆனா சார் கண்ணால பாத்தேன்னு சொல்லிட்டாங்களே. படிச்சவங்க சொன்னப்புறம் இது சீசருன்னு நான் எப்படிங்க சொல்றது?" என்றார். பிறகு மாமாவிடம் திரும்பி, "வியாழக்கிழமையே உங்ககிட்டச் சொன்னனுங்களே ஐயா. அதே மாதிரி ஒரு நாயி வந்திருக்கு, வச்சுக்கறீங்களான்னு. நீங்கதான் சீசர் இருந்த எடத்துல வேற நாய் வேண்டாம்னு அழுதீங்க" என்றார். மாமா தலையைக் குனிந்துகொண்டார். அந்த நாளில் எனக்குக் கிடைத்த ஒரே ஆறுதல் அதுதான்.

ஆறுதல் ஜெபத்துக்கு வந்த கூட்டம் மொத்தமும், ஐயர் உட்பட, கேக்கைக் கையில் வைத்துக்கொண்டே லயனுக்கு இறங்கியது. செல்லம்மா வீட்டில் அடுப்புப் பக்கமாகச் சாக்கு விரிப்பின்மேல் சீசர் படுத்திருந்தது. மாமா வாசலில் நின்று, "சீசர், கம்" என்றார். சீசர் அசையவில்லை. இன்னொரு தரம் கூப்பிட்டார். கண்ணை மட்டும் திறந்து பார்த்தது.

செல்லம்மா, "எந்திரி சாமி, ஐயா வந்திருக்காங்க பாரு" என்றார். உடனே எழுந்துவிட்டது. "போ, போய்க் கும்புடு" என்றார். வந்து மாமாவின் மேல் முன்னங்கால்களைத் தூக்கி வைத்தது. எட்டு வருடமாக அந்த நாய்க்கு மூடு இல்லாமல் இல்லை, இங்கிலீஷ் தெரியாமல் இருந்திருக்கிறது. மாமா படியிலேயே உட்கார்ந்து, அதன் தலையை மடியில் வைத்துக்கொண்டு, வந்தவர்கள் எல்லோரும் பார்க்க அழுதார். நான் கொஞ்சம் தள்ளி நின்றேன். ஆறு நாளில் அவருக்கு நான் என்ன செய்திருக்கிறேன் என்று அப்போதுதான் முழுசாக உறைத்தது.

வீட்டுக்குத் திரும்பும்போது மாமா ஒன்றே ஒன்று சொன்னார். "நாயத் தொலைச்சது கைத்தவறுங்க. ஆருக்கும் வரும். ஆனா அந்த ஆமென் மட்டும் சொல்லாம இருந்திருக்கலாம் மாப்ள."

அதன்பிறகு ஒரு மாதம் அவர் என்னிடம் தமிழே பேசவில்லை. சீசரிடம், "வா சாமி, சாப்பிடு சாமி" என்று கொஞ்சுவார். சாப்பிடுகிற நேரத்தில் என் பக்கம் திரும்பி, "கம்" என்பார். நாற்காலியைக் காட்டி, "சிட்" என்பார். நான் உட்காருவேன். சீசரைவிட எனக்கு இங்கிலீஷ் நன்றாகப் புரிந்தது.

பிள்ளைகளுக்குக் குறுக்குப் பாதையைத் திறந்துவிட்டார்கள். அதில் அந்த ஆறாம் வகுப்புச் சிறுமிதான் முதல் ஆளாக வந்தாள். என்னைப் பார்த்தாள், ஒன்றும் கேட்கவில்லை. பின்னால் வந்தவர்கள்தான் கேட்டார்கள். இங்கே வருடத்தில் பாதி நாள் மழை. குடையில்லாமல் வெளியே போக முடியாது, குடையோடு போனால், "சார், வேட்டைக்குங்களா?" என்று யாராவது கேட்காமல் விட மாட்டார்கள். ஒரு ரெயின்கோட் வாங்கினேன். "பயந்துட்டாருப்பா" என்றார்கள்.

சீசர் அதற்கப்புறம் ஐந்து வருடம் இருந்து, வயசாகி, வீட்டு அடுப்படியில் தூக்கத்திலேயே போய்ச் சேர்ந்தது. கடைசிவரை காலை டீ வீட்டில், பத்து மணி பிஸ்கட் பிள்ளைக் காம்பராவில். இறந்த அன்று ஐயர் வந்தார். பக்கத்தில் போய், குனிந்து, மூச்சு நிஜமாகவே நின்றுவிட்டதா என்று கையை வைத்துப் பார்த்த பிறகுதான் ஜெபப் புத்தகத்தைத் திறந்தார். நான் மனசார ஆமென் சொன்னேன். சொல்லிவிட்டு மாமாவைப் பார்த்தேன். தலையை ஆட்டினார்.

அந்தக் கேமராப் படத்தை மாமா கார்டிடம் கேட்டு வாங்கி, பெரிதாக்கி, சட்டம் போட்டு, ஹாலில் எங்கள் கல்யாணப் போட்டோவுக்குப் பக்கத்தில் மாட்டியிருக்கிறார். அதில் இருப்பதுதான் சீசரின் நல்ல போட்டோ என்று காரணம் சொல்கிறார். வருகிறவர்கள் கல்யாணப் போட்டோவைப் பார்ப்பதில்லை. ரஸ்க்கோடு நிற்கிற என்னைப் பார்த்துவிட்டு, இது என்ன என்று கேட்பார்கள். மாமா கதையை ஆரம்பத்திலிருந்து விரிப்பார்.

போன வாரம் என் மகள் நாற்காலியில் ஏறி நின்று அந்தப் படத்தை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். யு.கே.ஜி. படிக்கிறாள். கதை அவளுக்கு மனப்பாடம். ஒரு சந்தேகம் மட்டும் பாக்கி.

"அப்பிச்சி, சீசரத் தூக்கிட்டுப் போன சிறுத்தை இதுல எங்க?" என்று தாத்தாவைக் கேட்டாள்.

மாமா பேப்பரிலிருந்து தலையைத் தூக்கவே இல்லை.

"நல்லாப் பாரு சாமி" என்றார். "கொடை புடிச்சுட்டு நிக்குது."